ஆங்கிலக் கிராமமும் அதன் காவலும்

துப்பறியும் கதைகளை விரும்பிப் படிப்போர் ஆங்கிலக் கிராமத்தைப் பற்றி விசித்திரமான ஓர் எண்ணங் கொண்டிருத்தல் கூடும். அகதா கிறிஸ்ரி அம்மையார் 1930ஆம் ஆண்டில் வெளியிட்ட நாவலொன்றிலே, சென் மேரி மீட் என்னும் கற்பனைக் கிராமத்தின் மதகுருவின் இல்லத்திலேயே கொலை நிகழ்கின்றது. அவ்வூரிலே பூந்தோட்டமும் பின்னல் வேலையுமாகக் காலங்கழிக்கும் மிஸ் மார்ப்பிள் என்னும் முதுகன்னி அதைத் துலக்குகின்றாள். அதன்பின் அவள் துலக்கிய கொலைகள் பல. 1997ஆம் ஆண்டு ஆரம்பமான மிட்சோமர் என்னும் தொலைக்காட்சித் தொடரோ இவ்வழக்கத்தை எல்லை கடந்து கொண்டுசென்றுவிட்டது. அதிலே நிகழும் கொலைகளைக் கூட்டிக் கணக்கிட்டால், அக்கிராமங்களிற் கடை திறப்பதற்கும் ஆள் மிஞ்சியிருத்தல் ஐயமே.

இதற்கு முன்னரே, 1892ஆம் ஆண்டு வெளியான கதையொன்றிலே, சேர்லொக் ஹோம்ஸ் தம் நண்பரோடு புகைவண்டியிற் செல்கின்றார். வழியிலே தோன்றிய பண்ணை வீடுகளின் அழகை நண்பர் வியக்கின்றார். ஹோம்சுக்கோ அவ்வீடுகள் ஒன்றுக்கொன்று எட்டத்தில் நிற்பதே கண்ணிற் படுகின்றது. நகரத்துச் சந்திலே ஒரு குழந்தை அலறினால் அயலவர் காதில் விழும். வயல் நடுவேயுள்ள தனிவீட்டில் யாருக்குக் கேட்கும் என்பது அவர் கருத்து. கதாசிரியர் கொனன் டொயில் வாசகரை நடுங்கச் செய்தற்காகவே இதனை எழுதினார் என்று தள்ளிவிடலாம். ஆயினும் ஆங்கிலக் கிராமத்தின் பாதுகாப்பை ஆராயப் புகுவோர் இத் தூரம் என்னும் பொருளை மீண்டும் மீண்டும் சந்திக்க நேரும்.

முதலில் கணக்கைப் பார்க்கலாம். இங்கிலாந்தின் மக்களுள் நூற்றுக்கு ஏறத்தாழ 17 பேரே கிராமப்புறங்களில் வாழ்கின்றனர். பொலிஸார் பதியும் குற்றங்களை மக்கள்தொகையோடு ஒப்பிடும்போது, வன்செயல், வீடுடைத்தல், மோட்டார் வண்டிக் களவு ஆகியவை நகரங்களைவிடக் கிராமங்களிற் குறைவாகவே உள்ளன. பொலிஸ் ஏட்டை நம்பாது வீடு வீடாகச் சென்று மக்களையே வினவும் ஆய்வு 1982ஆம் ஆண்டு தொடக்கம் நடந்து வருகின்றது. அதுவும் இதனையே காட்டுகின்றது. ஆகவே, நகரத்து வேலையினின்று ஓய்வுபெற்று அமைதி நாடிக் கிராமத்தில் வீடு வாங்குவோர் ஏமாந்தவர் அல்லர். எனினும் ஏட்டில் ஏறிய குற்றமே கணக்கில் வரும். எதைக் குற்றம் என்பது, அதை யார் ஏட்டில் ஏற்றுவது என்னும் கேள்விகளுக்குக் காலந்தோறும் வெவ்வேறு விடைகள் இருந்தன.

பொலிஸ் என்னும் அமைப்பே இல்லாத காலத்திலே கிராமத்தைக் காத்தவர் கிராமத்தவரே. நோர்மானியர் காலத்தில், பன்னிரண்டு வயது நிறைந்த ஆண்மக்களுட் பெரும்பாலோர் பத்துப்பத்துப் பேராகக் குழுக்களில் வகுக்கப்பட்டிருந்தனர். ஒருவன் குற்றஞ் செய்தால் மற்றையோர் அவனைப் பிடித்து மன்றத்தில் நிறுத்துதல் வேண்டும். தவறின் எல்லோரும் சேர்ந்து தண்டம் இறுத்தல் வேண்டும். முதலாம் எட்வேட் மன்னன் 1285ஆம் ஆண்டில் வின்செஸ்ரரிற் பிறப்பித்த சட்டம் இவ்வழக்கங்களை இன்னும் இறுக்கியது. கள்வனைக் கண்டவர் கூக்குரலிட வேண்டும். அக்குரல் கேட்டோர் கைவேலையைப் போட்டுவிட்டு அவனைத் துரத்த வேண்டும். பதினைந்து வயதுக்கும் அறுபது வயதுக்கும் இடைப்பட்ட ஆடவர் தத்தம் செல்வநிலைக்கேற்ற ஆயுதத்தை வீட்டில் வைத்திருக்க வேண்டும். பெருவீதிகளின் இரு மருங்கும் 200 அடிவரை புதர்களை வெட்டி, கள்வர் பதுங்காவண்ணம் வெளியாக்க வேண்டும். கொள்ளைக்காரர் அகப்படாவிடின், கொள்ளை நிகழ்ந்த பகுதியின் மக்களே இழந்தவனுக்கு ஈடு செய்ய வேண்டும். களவு போனது ஒருவன் பொருள். கைவிட்டுப் போவது ஊரார் பணம். இதனாலே அயலான் வீட்டுக் கதவு திறந்திருக்கின்றதா என்று பார்ப்பதில் ஒவ்வொருவனுக்கும் அக்கறை இருந்தது. சட்டம் மனிதரின் நற்குணத்தை நம்பவில்லை, பணப்பையை நம்பியது.

பின்னர் 1361ஆம் ஆண்டுச் சட்டம் சமாதான நீதவான்களுக்கு வழக்கு விசாரிக்கும் அதிகாரத்தை அளித்தது. இலங்கையில் இன்றும் வழங்கும் இப்பதவிப் பெயர் அங்கிருந்தே வந்தது. அந்நாளில் அப்பதவியை வகித்தோர் பெரும்பாலும் நிலவுடைமையாளர். அவர்கட்குக் கீழே ஊர்க் கொன்ஸ்டபிள் ஒருவர் ஆண்டுதோறும் தெரிவுசெய்யப்பட்டார். அவருக்குச் சம்பளம் இல்லை, சீருடையும் இல்லை. தச்சரோ கமக்காரரோ தமது தொழிலுக்கிடையே இதனையும் பார்த்துக்கொள்ள வேண்டும். பிடித்த ஆளை எங்கே வைப்பது? அதற்கென்று ஊர்களிற் சிறு கல்லறைகள் கட்டப்பட்டன. இறந்தோர்க்கான கல்லறைகள் அல்ல, கல்லாலான காவலறைகள். சமசெற் மாவட்டத்துக் காசில் கேரி என்னும் ஊரில் 1779ஆம் ஆண்டில் எழுந்த வட்ட வடிவான காவலறை இன்றும் நிற்கின்றது. ஓரிருவர் நெருங்கியிருக்கலாம், அவ்வளவே. பெரும்பாலும் அத்தகைய அறைகளில் ஓர் இரவைக் கழித்தவர் வெறிகாரர்.

அக்காலத்தில் அரசு சார்பில் வழக்குத் தொடுப்போரும் இல்லை. ஆடு களவு கொடுத்தவனே கள்வனைத் தேடி, சாட்சிகளைத் திரட்டி, தன் செலவில் வழக்காட வேண்டும். இதனாற் பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலே கமக்காரரும் வணிகரும் சந்தா செலுத்திச் சங்கங்கள் அமைத்தனர். உறுப்பினர் ஒருவருடைய குதிரை களவுபோனால் வெகுமதி அறிவித்துத் துண்டுப் பிரசுரம் அச்சிடுவதும் வழக்கின் செலவை ஏற்பதும் அச்சங்கங்களின் பணி. சந்தா கட்ட இயலாத கூலிக்காரனின் கோழி களவு போனால் அது போனதுதான்.

கிராமத்தாரும் சட்டமும் முற்றிலும் முரண்பட்டு நின்றது வேட்டை விடயத்திலாகும். 1671ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, ஆண்டுக்கு 100 பவுண் வருவாய் தரும் சொந்த நிலம் உடையோர் முதலிய சிலரே முயலையும் காட்டுக் கோழியையும் வேட்டையாடலாம். தன் வயலில் மேயும் முயலைக்கூடச் சிறு கமக்காரன் தொடலாகாது. 1723ஆம் ஆண்டுச் சட்டம், முகத்திற் கரி பூசி மறைந்து மான் திருடுவோர் முதலாகப் பலவகைக் குற்றவாளிகளுக்குத் தூக்குத் தண்டனை விதித்தது. ஏறத்தாழ நூறாண்டு சென்ற பின்னரே, 1823இல், அதன் பெரும்பகுதி நீக்கப்பட்டது. காடுகளிலே இரும்புப் பொறிகளும், கால் தட்டினால் வெடிக்கும் துப்பாக்கிகளும் மறைத்து வைக்கப்பட்டன. 1827இல் அத்துப்பாக்கிப் பொறிகளைச் சட்டம் தடுத்தது. மறு ஆண்டிலே பிறந்த சட்டமோ, இரவில் முயல் பிடிப்பவனை முதன்முறை மூன்று மாதம், இரண்டாம் முறை ஆறு மாதம் மறியலில் இடவும், மூன்றாம் முறை ஏழாண்டு நாடுகடத்தவும் வழிசெய்தது. பிள்ளைகளின் பசிக்கு முயல் பிடித்தவனை ஊரார் கள்வன் என்று எண்ணினார்கள் அல்லர். அவனைக் காட்டிக் கொடுத்தவனையே வெறுத்தனர். அக்காலத்து நீதிமன்றப் பதிவுகளை வைத்துக்கொண்டு ஒரு கிராமம் கெட்டதா நல்லதா என்று தீர்மானிப்பவர், ஊராரிடம் கேட்டிருந்தால் வேறு தீர்ப்பே பெற்றிருப்பார்.

பசி முற்றியபோது கிராமங்களில் நெருப்பும் எழுந்தது. 1830ஆம் ஆண்டு கோடை இறுதியிலே, கென்ற் மாவட்டத்துக் கமத்தொழிலாளர், தம் மாரிகால வேலையைப் பறித்த சூடடிக்கும் இயந்திரங்களை உடைக்கத் தொடங்கினர். ஸ்விங் தளபதி என்று ஒப்பமிட்ட மிரட்டற் கடிதங்கள் பண்ணைக்காரர்க்கு வந்தன. அப்படி ஒரு தளபதி இருந்ததே இல்லை. கலகம் தென் மாவட்டங்களெங்கும் பரவியது. அடங்கியபோது 19 பேர் தூக்கிலிடப்பட்டனர். ஏறத்தாழ 500 பேர் அவுஸ்திரேலியாவுக்குக் கப்பலேற்றப்பட்டனர். நான்காண்டு கழித்து டோர்செற் மாவட்டத்து ரொல்படில் கிராமத்தில் நிகழ்ந்ததோ கலகமும் அன்று. வாரக் கூலி ஒன்பது சிலிங்கிலிருந்து ஏழாகக் குறைந்து, ஆறாகும் என்ற பேச்சும் எழவே, ஜோர்ஜ் லவ்லெஸ் முதலான தொழிலாளர் சங்கம் அமைத்தனர். சங்கம் அமைத்தல் அப்போது குற்றமன்று. எனவே, கடற்படைக் கலகத்தை அடக்குதற்கென 1797இற் செய்யப்பட்ட சட்டம் ஒன்றைத் தேடியெடுத்து, இரகசியச் சத்தியஞ் செய்தார்கள் என்று அறுவருக்கு ஏழாண்டு நாடுகடத்தல் விதித்தனர். நாடெங்கும் எழுந்த எதிர்ப்பினால் 1836இல் அவர்கட்கு மன்னிப்பு வழங்கப்பட்டது. ரொல்படிலில் 1834ஆம் ஆண்டின் குற்றவாளிகளாகப் பதியப்பட்டவர்களுக்காக இன்று அவ்வூரிலே அரும்பொருட்சாலை ஒன்று இருக்கின்றது. ஆண்டுதோறும் விழாவும் நடைபெறுகின்றது.

சம்பளம் பெறும் பொலிஸ் இலண்டனுக்கு 1829இல் வந்தது. மாவட்டங்கள் விரும்பினால் அமைத்துக்கொள்ளலாம் என்று 1839ஆம் ஆண்டுச் சட்டம் இடமளித்தது. வில்ற்சயர் முதலில் அமைத்தது. பல மாவட்டங்கள் அமைக்கவில்லை. வரி கூடும் என்பது ஒரு காரணம். சீருடை அணிந்தவன் ஊருக்குள் ஒற்றனாவான் என்ற அச்சம் மற்றொன்று. 1856இற் பாராளுமன்றம் அதனைக் கட்டாயமாக்கியதோடு, தரம் பேணிய படைகளின் சம்பளத்திலும் உடையிலும் காற்பங்கை அரசே ஏற்றது. காசு வந்ததும் அச்சம் தணிந்தது போலும்.

அவ்வாறு தோன்றிய கிராமப் பொலிஸ்காரரே, பழைய தலைமுறையினர் இன்றும் நினைந்து ஏங்கும் மனிதர். ஊர் நடுவே அவருக்கு வீடு, அதுவே நிலையமும். துவிச்சக்கர வண்டியிலேறிச் சுற்றுவார். குறித்த நேரத்திலே குறித்த தொலைபேசிக் கூண்டருகே நிற்பார். மேலதிகாரி அங்கே அழைப்பார், அல்லது நேரிலே வந்து பார்ப்பார். அவர் வெளியே போயிருக்கையில் வீட்டுக் கதவைத் தட்டுவோரின் முறைப்பாட்டைக் கேட்பவரும், தொலைபேசிச் செய்தியை எழுதி வைப்பவரும் அவர் மனைவியார். அவ்வம்மையாருக்குச் சம்பளம் ஏதும் இல்லை. அரசாங்கத்துக்கு ஒரு சம்பளத்தில் இருவர் கிடைத்தனர். யார் மகன் யாருடைய தோட்டத்தில் அப்பிள் பறிப்பவன், யார் வீட்டிலே சனிக்கிழமை இரவில் சத்தம் எழும் என்பதெல்லாம் அவ்விருவருக்குந் தெரியும். ஏட்டில் ஏறாமலே காதைத் திருகி முடிக்கப்பட்ட விடயங்கள் பல. இவ்வேற்பாட்டில் நன்மையும் உண்டு, தீமையும் உண்டு. யார் காது திருகப்பட்டது, யாருடையது விடப்பட்டது என்பதற்கு எங்கும் பதிவு இல்லை.

1960களில் மோட்டார் வண்டியும் வானொலிக் கருவியும் வந்து இதனை மாற்றின. இங்கிலாந்திலும் வேல்சிலும் இருந்த 117 பொலிஸ் படைகள், 1964ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின் இணைக்கப்பட்டு, 1974 அளவில் 43 ஆகின. கிராமத்துப் பொலிஸ் வீடுகள் ஒவ்வொன்றாக விற்கப்பட்டன. வண்டி விரைந்து வரும் என்பது எண்ணம். வண்டி எங்கே நிற்கின்றது என்பது அடுத்த கேள்வி. 1987ஆம் ஆண்டு ஓகஸ்ற் 19ஆந் திகதி, பேர்க்சயர் மாவட்டத்துச் சந்தை ஊராகிய ஹங்கர்போர்டிலே துப்பாக்கியேந்திய ஒருவன் 16 பேரைக் கொன்றபோது, ஆயுதம் தாங்கிய பொலிஸ் பிரிவு ஏறத்தாழ 40 மைலுக்கு அப்பாலே பயிற்சியில் இருந்தது. ஊர்த் தொலைபேசி நிலையமோ அழைப்புகளின் பெருக்கைத் தாங்கவில்லை. அடுத்த ஆண்டிலே துப்பாக்கிச் சட்டம் இறுக்கப்பட்டது. இத்தகைய கொடுமை மிக மிக அரிது. ஆயினும் உதவி எவ்வளவு தூரத்தில் உள்ளது என்பதை நாடு முழுவதும் அன்று அறிந்தது.

பொலிஸ் விலகிய இடத்தை அயலவர் மீண்டும் நிரப்ப முயன்றனர். அயற்காவல் என்னும் இயக்கத்தின் முதற்குழு பிரித்தானியாவில் 1982ஆம் ஆண்டு அமைந்தது; அமைந்த இடம் செஷயர் மாவட்டத்து மொலிங்டன் என்னும் கிராமம். சன்னலில் ஒட்டிய சிறு அறிவித்தல், வெளியூர் செல்பவர் வீட்டின்மீது ஒரு கண், அறியாத வண்டியின் இலக்கத்தைக் குறித்துக்கொள்ளல், இவையே அதன் கருவிகள். எட்வேட் மன்னனின் கூக்குரல் எழுநூறு ஆண்டு கழித்துத் தொலைபேசியிற் கேட்டது எனலாம், தண்டப் பணம் மட்டும் இல்லாமல்.

இன்றைய கிராமத்தில் களவு போவன எவை? முயலும் கோழியும் அல்ல. உழவு இயந்திரங்களை விண்கோள் வழிநடத்தும் கருவிகள், நாற்சக்கரச் சிறு வண்டிகள், டீசல், ஆட்டு மந்தை ஆகியவையே. கமக்காரரிடையே பெரிதாயுள்ள காப்புறுதி நிறுவனமொன்றின் மதிப்பீட்டின்படி, ஐக்கிய இராச்சியத்தில் கிராமப்புறக் களவினால் 2023இல் ஏற்பட்ட நட்டம் 528 இலட்சம் பவுண். 2024இல் அது 441 இலட்சமாகக் குறைந்தது. வழிநடத்தும் கருவிகளின் களவு மட்டும் 2023இல் 42 இலட்சம் பவுண். முந்திய ஆண்டினும் இருமடங்குக்கு மேல். இவற்றைத் திருடுபவன் பசித்த அயலான் அல்லன். பண்ணையை நோட்டமிட்டு, ஓரிரவில் நாலைந்து இயந்திரங்களினின்றும் கருவியைக் கழற்றி, கடல் கடந்து விற்கும் கூட்டம் அது. அறுவடை நாளிலே கருவி போனால், காப்புறுதிப் பணம் வருமுன் மழை வந்துவிடும். 2023ஆம் ஆண்டுச் சட்டம் புதிய சிறு வண்டிகளுக்குக் களவுத் தடைக் கருவியும் அடையாளக் குறியும் வேண்டும் என்று விதிக்க வழிசெய்தது.

முயல் மட்டும் பழைய இடத்தை முற்றாக விட்டுவிடவில்லை. அறுவடை முடிந்து வயல் வெளித்தபின், கிழக்கு மாவட்டங்களிலே நாய்களை ஏவி முயல் துரத்திப் பந்தயம் கட்டுவோர் படலையை உடைத்து நுழைகின்றனர். தட்டிக் கேட்கும் கமக்காரரை அச்சுறுத்துகின்றனர். லிங்கன்சயர்ப் பொலிஸார் இதற்கெனத் தனி நடவடிக்கையே நடத்துகின்றனர். 2022ஆம் ஆண்டுச் சட்டம் இக்குற்றத்துக்குத் தண்டனையைக் கூட்டியபோது, மேற்சொன்ன 1828ஆம் ஆண்டுச் சட்டமே திருத்தப்பட்டது. அன்று நிலக்கிழாரின் விருந்தைக் காத்த சட்டம், இன்று தனியே நிற்கும் கமக்காரனைக் காக்க எழுந்திருக்கின்றது.

அத்தனிமை எங்கே கொண்டுபோய் விடும் என்பதை 1999ஆம் ஆண்டு நோர்போக் மாவட்டத்து எம்னெத் ஹங்கேற் காட்டியது. டோனி மார்ட்டின் என்னும் கமக்காரர், தம் வீட்டிற் பன்முறை களவு நிகழ்ந்தும் பொலிஸார் உதவவில்லை என்று கூறி வந்தவர். ஓகஸ்ற் மாதத்து ஓரிரவிலே உட்புகுந்த இருவர்மீது உரிமமில்லாத துப்பாக்கியாற் சுட்டார். பதினாறு வயதுச் சிறுவன் ஒருவன் இறந்தான். யூரிமார் அவரைக் கொலைக் குற்றவாளியாகக் கண்டனர், 2001இல் மேன்முறையீட்டு மன்று, அவர் மனநிலையைக் கருதி அதனைக் குறைத்தது, 2003இல் விடுதலையானார். நாடு இரண்டாகப் பிரிந்து வாதிட்டது. பிற்காலத்தில், 2013ஆம் ஆண்டுச் சட்டம் வீட்டுக்காரரின் தற்காப்பு எல்லையைச் சற்று விரித்தது. எனினும் அவ்விரவின் பலன் மாறவில்லை: ஒரு பையன் மாண்டான், ஒரு மனிதர் சிறை சென்றார், இருவரையும் காத்திருக்கக்கூடிய பொலிஸார் அருகில் இல்லை.

கிராமத்திற் பூட்டுப் போட்டுத் தடுக்க முடியாத தீங்கொன்றும் உண்டு. அதனை வெளிக்கொணர்ந்ததில் வானொலிக்கும் பங்குண்டு. 1951ஆம் ஆண்டு சனவரி முதலாந் திகதி தொட்டு பி.பி.சி. நாடெங்கும் ஒலிபரப்பி வரும் ஆர்ச்சர்ஸ் என்னும் தொடர் நாடகம், கமக்காரர்க்கு விளைச்சலைப் பெருக்கும் வழிகளைக் கதையோடு கூறும் நோக்குடன் தொடங்கியது. ஆம்பிரிட்ஜ் என்னும் கற்பனைக் கிராமமே அதன் களம். அக்கதையில் ஹெலன் என்பவளின் கணவன் அவளை அடித்தல் அரிது; பணத்தையும் நட்பையும் நாளாந்தப் பேச்சையும் ஒவ்வொன்றாகக் கட்டுப்படுத்தினான். ஆண்டுக்கணக்காக மெல்ல மெல்ல நகர்ந்த இக்கதை 2016ஆம் ஆண்டு ஏப்பிரிலில், அவள் அவனைக் கத்தியாற் குத்தியதில் முற்றியது. கேட்டோர் கலங்கினர், இத்தகைய பெண்களுக்கு அடைக்கலம் தரும் நிறுவனத்துக்கென நேயர் திரட்டிய பணம் ஒரு இலட்சம் பவுணைக் கடந்தது. இவ்வகைக் கட்டுப்படுத்தல் சட்டப்படி குற்றமாக நடைமுறைக்கு வந்ததும் 2015ஆம் ஆண்டு இறுதியிலேதான்.

2019இல் வெளிவந்த கிராமப்புறக் குற்ற ஆய்வொன்று, இக்கொடுமை கிராமங்களில் நகரத்திலும் நீண்டகாலம் நிலைப்பதாகக் கூறியது. காரணம் காண்பது கடினமன்று. பஸ் நாளுக்கு இருமுறையே வரும். வண்டிச் சாவி கணவனிடம். வைத்தியரும் கடைக்காரரும் அவனை அறிந்தவர்கள். நல்லவன் என்றே அறிந்தவர்கள். எல்லோரும் எல்லோரையும் அறிவர் என்பது கள்வனுக்குத் தடை. வாய் திறக்க விரும்பும் மனைவிக்கும் அதுவே தடை. ஹோம்சின் பேச்சைக் கதாசிரியரின் மிகை என்று ஒதுக்கியவர் இவ்விடத்திற் சற்றுத் தயங்குதல் நியாயமே.

உயிருக்கு நேரும் ஆபத்து என்று பார்த்தால், கொலைகாரனைவிட வீதியே அஞ்சத்தக்கது. பிரித்தானிய வீதி விபத்துகளில் இறப்போருட் பாதிக்கு மேற்பட்டோர் கிராமப்புற வீதிகளிலே இறக்கின்றனர். வேலி மறைத்த வளைவு, ஒடுங்கிய பாதை, விளக்கின்மை, விரைவு, இவையே காரணங்கள். பல ஊர்களிலே மஞ்சட் சட்டை அணிந்த தொண்டர்கள் வேகமளக்கும் கருவியோடு வீதியோரத்தில் நின்று, விரைந்து செல்லும் வண்டிகளின் இலக்கத்தைப் பொலிஸாருக்கு அறிவிக்கின்றனர். அவர்கள் குறிக்கும் இலக்கங்களுட் பல அதே ஊரவருடையவை என்பது அங்கே அடிக்கடி கேட்கும் முணுமுணுப்பு.

கடைசியாகத் தேவாலயங்கள். நூற்றாண்டுகள் பழைமையான கிராமத் தேவாலயங்களின் கூரை ஈயத்தகட்டால் வேயப்பட்டது. ஈயத்தின் விலை ஏறுந்தோறும் இரவிலே கூரை உரிபடுகின்றது. காலையில் மழை உள்ளே பெய்யும்போதே பல ஊர்களில் அது தெரியவருகின்றது. பெட்போர்ட்சயர் மாவட்டத்து ஹோட்டன் கொன்குவெஸ்ற் தேவாலயத்தின் கூரைத் தகடு 2018இல் இவ்வாறு போயிற்று. பழைய உலோகத்தைக் காசு கொடுத்து வாங்குதலை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்தும் களவு முற்றாக ஒழியவில்லை. இதனால் எல்லாத் தேவாலயங்களும் பூட்டப்பட்டிருக்கும் என்று எண்ணுவோர் வியப்படைவர். தேவாலயங்களுக்குக் காப்புறுதி வழங்குவோரே, பகலிற் கதவைத் திறந்து வையுங்கள் என்று பங்கினர்க்கு அறிவுரை கூறுகின்றனர். வெள்ளிப் பாத்திரங்களை உள்ளே பூட்டிவிட்டு வாசலைத் திறந்து வைத்தால் வழிப்போக்கர் வருவர். ஆள் எந்நேரமும் வரக்கூடிய இடத்திற் கள்வன் கை வைக்கத் தயங்குவான் என்பது அவர்கள் கணக்கு. ஆகவே பல கிராமங்களில், காலையில் அயல்வீட்டு முதியவர் ஒருவர் பெரிய இரும்புச் சாவியோடு வந்து கதவைத் திறக்கின்றார். மாலையில் மீண்டும் வந்து பூட்டுகின்றார்.